ஒண்டுக்குடித்தனமும் சுரங்கப்பாதையும்

வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து துழாவினால், ஏதோ ஒரு மூலையில் மூன்று சிறு கட்டங்கள் கண்ணில் படும். ஐபிசெக் பாஸ்த்ரூ, பி.பி.டி.பி. பாஸ்த்ரூ, எல்.2.டி.பி. பாஸ்த்ரூ. பெரும்பாலும் மூன்றிலும் டிக் அடித்தே வரும். ரவுட்டர் வாங்கிய நாள் முதல் அது பழைய இரும்புக்குப் போகும் நாள் வரை யாரும் அவற்றைத் தொடுவதில்லை. வீட்டுக் கணினியை ஆபீஸ் நெட்வொர்க்கோடு பூட்டிய சுரங்கம்போல இணைக்கும் வி.பி.என் இணைய மறுக்கும்போது மட்டும் போனில் இருக்கும் ஐ.டி. பையன், "அதை ஆன் பண்ணிப் பாருங்க சார்" என்பான். அது ஏற்கெனவே ஆனில்தான் இருக்கும்.

ஒரு பழைய தகராறில் மிச்சமானவை இந்தக் கட்டங்கள். 1990களின் நடுவில், ஏறக்குறைய ஒரே சமயத்தில், இரண்டு உத்திகள் பிறந்தன. ஒன்றுக்கு, வழியில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் முகவரியையும் அடித்துத் திருத்துவதே வேலை. மற்றதற்கு, பாக்கெட்டை வழியில் யாரும் திருத்தவில்லை என்று உறுதி சொல்வதே வேலை. இரண்டையும் ஒரே வீட்டுக்குள் குடிவைக்க வேண்டிய நிலை வந்ததும் தொடங்கிய குழப்பம், வேறு வேறு உருவங்களில் இன்னும் நீடிக்கிறது.

முதலில் திருத்தும் கட்சி. இணையத்தில் நான்காம் பதிப்பு முகவரிகள் மொத்தம் 430 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. இது போதாது என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் கெல்ட் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் ஆர்.எஃப்.சி. 1631 என்ற ஆவணத்தை வெளியிட்டார்கள். நேட் எனப்படும் முகவரி மாற்று முறையை அது விவரித்தது. திருவல்லிக்கேணியின் பழைய ஸ்டோர் வீடுகளில் ஒரே கதவு எண்ணுக்குள் எட்டுப் பத்து ஒண்டுக்குடித்தனங்கள் இருக்கும். வெளியுலகுக்குத் தெரிவது ஒரே ஒரு எண். வரும் கடிதத்தை யாருக்கு என்று பார்த்து உள்ளே பிரித்துக் கொடுக்க வாசலில் ஒருவர் வேண்டும். நேட் செய்வது அதைத்தான். உள்ளே எத்தனை கணினி இருந்தாலும் வெளியே ஒரே முகவரி. எந்தப் பதில் எந்தக் கணினிக்கு என்பதைப் போர்ட் எண்ணைக் கொண்டு அடையாளம் காணும். 1996 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1918, உள்ளே மட்டும் புழங்கும் முகவரிகளைத் தனியே ஒதுக்கியது. இன்று எல்லார் வீட்டிலும் இருக்கும் 192.168 அங்கே நிலைபெற்றதுதான். இதெல்லாம் தற்காலிக ஏற்பாடு என்றுதான் 1994ஆம் ஆண்டு ஆவணமே சொன்னது. முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

காக்கும் கட்சியும் அதே காலத்தில்தான் தலையெடுத்தது. 1995 ஆகஸ்டில் ஐபிசெக்கின் முதல் ஆவணங்கள் வந்தன. தகவலைப் பூட்டுவதோடு, அனுப்பியவர் பெறுபவர் முகவரிகளையும் சேர்த்து முத்திரையிடும் ஒரு பகுதி அதில் இருந்தது. வழியில் ஓர் எழுத்து மாறினாலும் மறுமுனை பாக்கெட்டைத் தள்ளிவிடும். அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே வைத்தபோது இதில் எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டு பக்கமும் சொந்த முகவரி இருந்தது. மைக்ரோசாஃப்டின் குர்தீப் சிங் பாலும் வேறு சில நிறுவனப் பொறியாளர்களும் உருவாக்கிய இன்னொரு வி.பி.என் முறையான பி.பி.டி.பி., 1996இல் விண்டோஸ் என்.டி. 4.0 உடன் சேர்ந்தே வந்தது. அமைப்பதற்கு அதைவிட எளிய வி.பி.என் அப்போது இல்லை. பாதுகாப்பில் அது பலவீனம் என்று புரூஸ் ஷ்னையரும் மட்ஜ் என்ற புனைபெயர்க்காரரும் 1998இலேயே காட்டிவிட்டார்கள். ஆனாலும் எளிமை ஜெயித்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அலுவலகங்கள் அதை விடவே இல்லை.

அப்போது வீடுகளில் இருந்தது மோடம் மட்டும். 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் விற்ற ஸ்மார்ட்மோடம் நொடிக்கு 300 பிட் அனுப்பியது. அது அறிமுகப்படுத்திய ஏ.டி. கட்டளைகளைப் பின்னால் வந்த மோடம்கள் அத்தனையும் பேசின. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. டயல்-அப் காலத்தில் மோடம், கணினி இரண்டும்தான். நடுவில் திருத்துபவர் இல்லை. எண்ணைச் சுழற்றி, கிரீச்சொலி முடிந்ததும் கணினிக்கே ஒரு சொந்த முகவரி கிடைக்கும். வி.பி.என் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடும். வேகம்தான் இருக்காது.

கேபிள் மோடமும் டி.எஸ்.எல்.லும் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தபோதுதான் நடுவில் ரவுட்டர் என்ற பெட்டி தேவைப்பட்டது. வேகம் வந்துவிட்டது, வீட்டில் இரண்டாவது கணினியும் வந்துவிட்டது, ஆனால் கம்பெனி கொடுப்பது ஒரு முகவரி. கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் 1988இல் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் லிங்க்சிஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் ஜேனி, விக்டர் சாவ் தம்பதி, தைவானிலிருந்து குடியேறியவர்கள். கேபிள், டி.எஸ்.எல். இணைப்பைப் பல கணினிகளுக்குப் பிரித்துத் தரும் அவர்களுடைய சிறிய ரவுட்டர் 2000 வாக்கில் அமெரிக்க மின்சாதனக் கடைகளில் வேகமாக விற்றது. நெட்வொர்க் பொறியாளரின் அறைக்குள் இருந்த ஒரு சாதனம் அப்படித்தான் டி.வி. மேசைக்கு வந்து சேர்ந்தது.

கேபிள் கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கணினி என்பது அவர்கள் கணக்கு. கூடுதல் கணினிக்குக் கூடுதல் கட்டணம். பதிவு செய்த கணினியின் நெட்வொர்க் அட்டை எண்ணை மட்டுமே மோடம் ஏற்கும்படி சிலர் பூட்டு போட்டார்கள். ரவுட்டர்காரர்கள் பதிலுக்கு, கணினியின் எண்ணை ரவுட்டரே நடிக்கும்படி 'மேக் குளோன்' என்று ஒரு வசதியைச் சேர்த்தார்கள். அந்த வசதியும் இன்றுவரை அமைப்புப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. வி.பி.என் மீதும் சில கம்பெனிகளுக்குக் கண் இருந்தது. வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவர் வியாபாரக் கட்டணம் கட்ட வேண்டியவர் என்று வாதிட்டு, வீட்டு இணைப்பில் வி.பி.என் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அந்த நிபந்தனை வெகுநாள் தாக்குப்பிடிக்கவில்லை.

சரி, பெட்டி வந்தது, வி.பி.என் நின்றது. காரணம் எளிமையானது. பி.பி.டி.பி. தன் பேச்சுவார்த்தையை டி.சி.பி. 1723 போர்ட்டில் நடத்தும், தகவலை ஜி.ஆர்.இ. என்ற வேறொரு நெறிமுறையில் அனுப்பும். ஜி.ஆர்.இ.க்குப் போர்ட் எண்ணே கிடையாது. போர்ட் எண்ணைப் பார்த்தே பிரிக்கப் பழகிய ரவுட்டருக்கு, திரும்பி வரும் பாக்கெட்டை எந்தக் கணினிக்குக் கொடுப்பது என்று தெரியாது. ஐபிசெக் நிலை இன்னும் மோசம். முகவரியோடு முத்திரையிட்ட பாக்கெட்டில் ரவுட்டர் முகவரியை மாற்றும். மறுமுனை அதைப் போலி என்று தள்ளும். இரண்டுமே தத்தம் வேலையைச் சரியாகச் செய்ததால் வந்த வினை.

உற்பத்தியாளர்கள் கண்டுபிடித்த ஒட்டுப்போடும் வேலைதான் பாஸ்த்ரூ. வி.பி.என் பாக்கெட் என்று தெரிந்தால் அதற்கென்று தனிக் குறிப்பு வைத்து உரிய கணினிக்குச் சேர்க்கும். பல பெட்டிகளில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அது வேலை செய்தது. கணவனும் மனைவியும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தால் ஒருவர் இணையும்போது மற்றவருக்கு அறுந்துபோகும். ஐபிசெக் பாக்கெட்டை யு.டி.பி. 4500 போர்ட்டுக்குள் சுருட்டி அனுப்பும் முறை 2005 ஜனவரியில் அதிகாரபூர்வமாக வந்த பிறகு இந்தக் கட்டத்துக்குப் பெரிய வேலை இல்லை. எடுத்துவிடத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

இதற்கிடையில் 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் ஒரு நீலமும் கருப்புமான பெட்டியை வெளியிட்டது. இரண்டு ஆண்டெனா, 16 மெகாபைட் நினைவகம், 4 மெகாபைட் ஃபிளாஷ், நொடிக்கு 54 மெகாபிட் வரை போகும் வைஃபை. பெயர் டபிள்யூ.ஆர்.டி.54ஜி. 2003 மார்ச்சில் சிஸ்கோ சுமார் 50 கோடி டாலருக்கு லிங்க்சிஸை வாங்கப்போவதாக அறிவித்தது. மூன்று மாதத்தில் தலைவலி வந்தது. ஜூன் மாதம் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பவர், இந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்றும், லினக்ஸின் உரிமப்படி மூலநிரலை வெளியிட வேண்டும் என்றும், லிங்க்சிஸ் அதை வெளியிடவில்லை என்றும் லினக்ஸ் உருவாக்குநர்களுக்கு எழுதினார். சிப் பிராட்காமுடையது, மென்பொருள் பல கை மாறி வந்தது, சிஸ்கோவோ அப்போதுதான் கம்பெனியை வாங்கியிருந்தது. அழுத்தம் கூடியது. அடுத்த சில வாரங்களிலேயே மூலநிரல் வெளிவந்தது.

வீட்டு ரவுட்டரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்றே சொல்லலாம். யாரும் திட்டமிட்டுச் செய்யாததுதான் இதில் வேடிக்கை. அதே பெட்டியின் சோதனைப் பக்கத்தில் 'பிங்' அனுப்ப ஒரு கட்டம் இருந்தது. அதற்குள் முகவரிக்குப் பதில் கட்டளை எழுதினால் பெட்டி பணிவாக அதை இயக்கியது. இந்த ஓட்டை வழியே ஆர்வலர்கள் உள்ளே புகுந்தார்கள். 2004இல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. திட்டம் தொடங்கியது, பெயரே அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. 2005இல் ஜெர்மானியரான செபாஸ்டியன் காட்ஷால் டி.டி.-டபிள்யூ.ஆர்.டி.யைக் கொண்டுவந்தார். 2006இல் ஜோனதன் ஸராட்டே எழுதிய டொமேட்டோ. ஆண்டெனா சக்தியைக் கூட்டுவது, ஒரு பெட்டியை இன்னொன்றோடு வயரில்லாமல் கோப்பது என்று என்னென்னவோ செய்தார்கள். டி.டி.-டபிள்யூ.ஆர்.டி.யில் 'வி.பி.என்' என்றே ஒரு தனிப் பதிப்பு இருந்தது. வி.பி.என் பாக்கெட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற பெட்டி, அந்தப் பதிப்பை ஏற்றியதும் தானே சுரங்கத்தின் வாசல் ஆனது.

லிங்க்சிஸுக்கு இது லாபமா நஷ்டமா என்று தீர்மானிக்க முடியவில்லை போலும். 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை நீக்கி வி.எக்ஸ்.வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டு, நினைவகத்தையும் பாதியாகக் குறைத்தது. ஆர்வலர்கள் கொதித்தார்கள். உடனே பழைய உள்ளடக்கத்தையே டபிள்யூ.ஆர்.டி.54ஜிஎல் என்ற பெயரில் தனியே விற்க ஆரம்பித்தது. அந்த ஜிஎல் பத்து ஆண்டுக்கும் மேல் விற்றது. 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது உரிம மீறல் வழக்கு தொடுத்து, 2009 மே மாதம் சமரசத்தில் முடிந்ததும் இதே வம்சத்துத் தகராறுதான்.

டி.டி.-டபிள்யூ.ஆர்.டி. திறந்த அந்தச் சுரங்க வாசலில் பொருத்தப்பட்ட கதவு ஓப்பன் வி.பி.என். அதை எழுதிய ஜேம்ஸ் யோனன் 2001இல் மத்திய ஆசியாவில் பயணம் செய்துகொண்டிருந்தார். அங்கிருந்து அலுவலகத்தோடு இணையும்போது தன் தகவல் யார் யாருடைய கம்பிகள் வழியே போகிறது என்ற கவலை அவருக்கு. அந்த ஆண்டு மே மாதம் முதல் பதிப்பு வெளிவந்தது. ஒரே ஒரு யு.டி.பி. போர்ட் போதும் என்பது அதன் கெட்டிக்காரத்தனம். ரவுட்டர் முகவரியைத் திருத்தினால் திருத்தட்டும். உள்ளே இருப்பது பத்திரம். பாஸ்த்ரூ கட்டம் எதுவும் தேவையில்லை. யு.டி.பி.யை அடைக்கும் இடங்களில் டி.சி.பி. 443க்கு மாறிக்கொண்டால் சாதாரணப் பாதுகாப்பான இணையப் பக்கம்போல நழுவிவிடும்.

விலை ஒன்று இருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டையும் பூட்டவும் திறக்கவும் கணக்குப் போட வேண்டும். அந்த நீலப் பெட்டியின் செயலிக்கு அதற்குத் திராணி இல்லை. வி.பி.என் போட்டால் வேகம் நொடிக்குச் சில மெகாபிட்டில் நின்றுவிடும். அன்றைய டி.எஸ்.எல். வேகத்துக்கு அது உறைக்கவில்லை. ஃபைபர் வந்த பிறகு நன்றாகவே உறைத்தது.

இந்தியாவுக்கு இந்தக் கதை சற்றுத் தாமதமாக, மோடம் வழியாக வந்தது. 2004இன் பிராட்பேண்ட் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட்டை அகலப்பட்டை என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் தொடங்கியது. அந்த ஏ.டி.எஸ்.எல். மோடத்தைக் கையாண்டவர்களுக்கு வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35 என்ற எண்கள் இன்றும் மனப்பாடமாக இருக்கும். மோடத்தை பிரிட்ஜ் நிலையில் வைத்தால் கணினியில் 'டயல்' கொடுத்து இணைய வேண்டும்; பி.பி.பி.ஓ.இ. நிலைக்கு மாற்றினால் மோடமே இணைந்துகொள்ளும், கூடவே நேட்டும் வந்துவிடும். இரண்டாவது வசதி என்பதால் எல்லாரும் அதற்கு மாறினார்கள். பின்னாளில் கடையில் தனி வைஃபை ரவுட்டர் வாங்கி அந்த மோடத்தின் பின்னால் செருகியபோது, திருத்துபவருக்குப் பின்னால் இன்னொரு திருத்துபவர். வெளியிலிருந்து வீட்டுக்குள் வி.பி.என் வைக்க முயன்றவர்கள் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் சரியாகச் செய்துவிட்டு, மோடத்தில் செய்ய மறந்து மண்டையை உடைத்துக்கொண்டது இதனால்தான். மோடத்தைத் திரும்ப பிரிட்ஜுக்கு மாற்றி, பயனர் பெயர் கடவுச்சொல்லை ரவுட்டரில் போடுவதே சுத்தமான வழி. ஆபரேட்டர்கள் பலர் இன்றுவரை அதற்கு எளிதில் சம்மதிப்பதில்லை.

பி.பி.பி.ஓ.இ. இன்னொரு வம்பையும் சேர்த்தது. ஈத்தர்நெட் ஒரு முறைக்கு 1500 பைட் ஏற்றும்; பி.பி.பி.ஓ.இ. தன் பங்குக்கு 8 பைட்டை எடுத்துக்கொள்ளும். மேலே வி.பி.என் தன் உறையைப் போர்த்தினால் இடம் இன்னும் குறையும். இணைப்பு பச்சை காட்டும், பிங் போகும், சில இணையதளங்கள் மட்டும் பாதியில் உறைந்து நிற்கும். இந்த நோயை அனுபவித்தவர்கள், ஒரு பாக்கெட்டின் உச்ச அளவைக் குறிக்கும் எம்.டி.யு. என்ற மூன்றெழுத்தைச் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

இவ்வளவு மாற்றியும் அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லை மட்டும் யாரும் மாற்றவில்லை. அட்மின், அட்மின். 2017 ஜூலையில் தீநிரல் ஒன்று இதே வழியாக பி.எஸ்.என்.எல். மோடம்களுக்குள் புகுந்து பலவற்றைச் செயலிழக்கச் செய்தது. கடவுச்சொல்லை மாற்றும்படி நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டு மே மாதம் சிஸ்கோவின் டாலோஸ் குழு, குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் ரவுட்டர்கள் ஒரு தீநிரலின் பிடியில் இருப்பதாக அறிவித்தது. லிங்க்சிஸ், நெட்கியர், மைக்ரோடிக், டி.பி.-லிங்க் எல்லாமே பட்டியலில் இருந்தன. அந்தத் தீநிரலின் பெயர் வி.பி.என்.ஃபில்டர், பெயரில்தான் வி.பி.என். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களைக் கேட்டுக்கொண்ட விநோதமும் அப்போது நடந்தது.

2020 மார்ச். ஊரடங்குக்குச் சில நாள் முன்பு, 13ஆம் தேதி, மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஒரு தளர்வை அறிவித்தது. அதுவரை கால் சென்டர் போன்ற சேவை நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யவைக்க 1 கோடி ரூபாய் வைப்பு கட்ட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடம் எடுத்த தனி வி.பி.என்.தான் பயன்படுத்த வேண்டும். இரண்டும் தளர்ந்தன. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலைக் கம்பெனிகளின் வேலை தாம்பரத்துப் படுக்கையறைகளுக்கும் மதுரை, திருநெல்வேலி வீடுகளுக்கும் போனது. குழந்தையின் ஆன்லைன் வகுப்பும் அலுவலக வி.பி.என்.னும் ஒரே பெட்டியில் மோதின. அந்த ஆண்டு நவம்பரில் விதிகளே பெருமளவு தளர்த்தப்பட்டன.

அதே 2020 மார்ச் இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 5.6இல் வயர்கார்டு சேர்ந்தது. ஜேசன் டோனென்ஃபெல்ட் எழுதியது. சுமார் 4,000 வரி நிரல், ஓப்பன் வி.பி.என்., ஐபிசெக் இரண்டின் பருமனோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ரவுட்டரில் அமைப்பது என்றால் இரண்டு பக்கமும் ஒரு சாவி ஜோடி, ஒரு முகவரி, ஒரு போர்ட். பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடும். சிறிய செயலியிலும் மளமளவென்று ஓடும். ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. அதை ஏற்றுக்கொண்டது, விலை உயர்ந்த ரவுட்டர்களின் சொந்த மென்பொருளிலும் இடம்பிடித்தது.

2022 ஏப்ரல் 28 அன்று இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு, வி.பி.என் சேவை விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு சேமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டு வி.பி.என். மூன்றும் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை விலக்கிக்கொள்வதாக அறிவித்தன. அலுவலக வி.பி.என்.களை இது கட்டுப்படுத்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. வீட்டு ரவுட்டரில் தன் வீட்டுக்கென்று ஒருவர் அமைத்துக்கொள்ளும் சுரங்கமும் விற்பனைக்கான சேவை அல்ல.

ஆனால் அந்த வீட்டுச் சுரங்கத்துக்கு இப்போது வேறு தடை. ஆசிய பசிபிக் பகுதிக்கான நான்காம் பதிப்பு முகவரிக் கையிருப்பு 2011 ஏப்ரலில் ஏறக்குறையத் தீர்ந்துபோனது. ஆபரேட்டர்கள் தெருவுக்கே, ஊருக்கே ஒரு நேட் போட ஆரம்பித்தார்கள். அதற்கென்று 2012இல் 100.64 என்று தொடங்கும் முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி 100.64இலிருந்து 100.127க்குள் இருந்தால், வீட்டில் என்னதான் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. வாசலே ஆபரேட்டரிடம் இருக்கிறது. தனிக் கட்டணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். வெளியே ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்து வீட்டிலிருந்து அங்கே வயர்கார்டு இணைப்பை வைத்திருக்கலாம். டெய்ல்ஸ்கேல் போன்ற சேவைகள் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வெளியே பாக்கெட் அனுப்பவைத்து, நேட்டின் நினைவிலேயே துளை போட்டுச் சந்திக்கவைக்கின்றன.

ஆறாம் பதிப்பு முகவரி இருந்தால் இந்த வித்தை எதுவும் வேண்டாம்; வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி, டயல்-அப் காலத்துக் கணினிக்கு இருந்ததைப் போல. ஜியோ, ஏர்டெல் இரண்டும் அதைத் தருகின்றன. ரவுட்டரின் ஃபயர்வால் மட்டும் உள்ளே வருவதை வழக்கம்போல அடைத்தே வைத்திருக்கும். வயர்கார்டின் 51820 போர்ட்டுக்கு அங்கே ஒரு விதி எழுத வேண்டும். ஆபரேட்டர் கொடுத்த பெட்டிகள் சிலவற்றில் அந்தப் பக்கம் வாடிக்கையாளருக்குத் திறப்பதே இல்லை.